கிரகணத்துக்குப் போன எக்ஸ்ரே

ஜூன் 11, 2025, புதன்

உறுதியானது: தீபிகாவின் முதுகெலும்பு பக்கவாட்டில் 27 டிகிரி வளைந்திருக்கிறது. ஆதாரம்: மயிலாப்பூர் எலும்பு டாக்டர், இன்றைய எக்ஸ்ரேயில் கோடு போட்டு அளந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது; அவள் வளர வளர வளைவும் கூடலாம். அதைத் தடுக்க அக்குளிலிருந்து இடுப்பு வரை பிளாஸ்டிக் பிரேஸ், தினம் பதினெட்டு மணி நேரம், வளர்ச்சி நிற்கும்வரை.

ஆட்டோவில் ஏறியதும் என் மனைவி ப்ரியா, "பிரேஸ் வேணாங்க" என்றாள். அவளும் பள்ளிக்காலத்தில் பிரேஸ் போட்டவள்.

ஜூன் 13

"மூணு வருஷம் அதுக்குள்ளயே வெந்தேன். முதுகு பூரா வேர்க்குரு. கிளாஸ்ல ஆமைன்னு கூப்டாங்க. அதால எனக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க, நீங்கதான் பெரிய ரிப்போர்ட்டராச்சே."

பிரேஸை விட்டபின் அவள் ஒரு எக்ஸ்ரேகூட எடுத்ததில்லை.

தீபிகா கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா இப்ப எடுக்கட்டும். நல்லா இருந்தா நான் போட்டுக்கறேன்."

நியாயமான நிபந்தனை. மோசமாக இருந்தால்?

ஜூலை 6

ஒப்பிட, பிரேஸை விட்டபோது எடுத்த பழைய எக்ஸ்ரே படம் வேண்டும். அது ப்ரியாவின் அண்ணன் கனகராஜிடம் இருந்தது. தி.நகரில் அவருடைய ஜவுளிக்கடைக்குப் போனோம். தலையைச் சொறிந்தார்.

"2019 கிரகணத்துக்கு வெட்டிட்டேன் மாப்ளே. கடைப் பயலுவ ஆளுக்கொரு துண்டு கேட்டானுவ."

"என் முதுகு வழியாவா சூரியனப் பாத்தீங்க?"

"நல்லாத் தெரிஞ்சுதுட்டி."

ப்ரியா சிரித்தாள். படியிறங்கும்போது அழுதாள்.

ஆகஸ்ட் 23

ப்ரியா இன்றும் எக்ஸ்ரே எடுக்கப் போகவில்லை. பயமாக இருக்கலாம்; உறுதியில்லை. தீபிகாவின் பள்ளிச் சட்டையில் ஒரு தோள் இறங்கித் தெரிகிறது — அல்லது நான் அதையே பார்க்கிறேனா?

அக்டோபர் 11, சனி

இருவருக்கும் எக்ஸ்ரே. ப்ரியாவுக்கு 36 டிகிரி.

"பிரேஸை விட்டப்ப முப்பதுன்னு ஞாபகம், டாக்டர்."

"ஞாபகத்தை அளக்க முடியாதேம்மா."

பிரேஸ் போட்டு முடித்தவர்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்ததில் பெரும்பாலோருக்குச் சில டிகிரிதான் கூடியது என்றார். எல்லோருக்கும் அப்படி இல்லை. போடாமலிருந்தால் ப்ரியாவுக்கு என்ன ஆகியிருக்கும்? "இவங்க ஒருத்தரை வெச்சு சொல்ல முடியாது சார்."

வலி உண்டா என்று கேட்டார். "இல்ல" என்று தொடங்கியவள் தீபிகாவைப் பார்த்தாள். "சாயங்காலம் வலிக்கும். பாத்திரம் கழுவி முடிக்கிறப்ப."

எனக்குத் தெரியாது. கூடவே இருந்திருக்கிறேன், தெரியாது.

தீபிகாவுக்கு 33. நான்கு மாதத்தில் ஆறு டிகிரி.

வெளியே வந்ததும் தீபிகா, "அப்ப அம்மா பாஸா ஃபெயிலாப்பா?"

"தெரியலம்மா."

ப்ரியாதான் பேசினாள். "என்னுது தெரியாமலே போவட்டும். உன்னுது ஏறுறது தெரியுதுல்ல? பிரேஸுக்கு அளவு குடுக்கப் போலாம்."

"கிளாஸ்ல ஆமைன்னா?"

"கன்னத்துல ஒண்ணு வெச்சிட்டு வா. ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்."

நவம்பர் 8

பிரேஸ் வந்தது. எந்தப் பட்டையை முதலில் இழுப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரியா உள்பனியனின் மடிப்பை நீவிவிட்டு, "மூச்சை விடு" என்றாள். கீழ்ப்பட்டை, பிறகு மேல்.

"டைட்டா இருக்கும்மா."

"இருக்கும்."

மாலையில் ப்ரியா சிங்க்கை விட்டு விலகி, "முதுகு வலிக்குது, மீதிய நீங்க கழுவுங்க" என்றாள். கழுவினேன்.

நிலுவை: பிரேஸோடு முதல் எக்ஸ்ரே, டிசம்பர் 20. வளர்ச்சி நின்றபின் வரும் எண், டாக்டர் கணக்கில் 2028. அதற்குப் பிறகு வளைவு என்ன ஆகும் என்பதற்கு யாரும் தேதி தரவில்லை.