அப்பா சொல்லாத வரி

12-8-1984, ஞாயிறு

இலங்கையில், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் வீரம்மாள் அத்தைக்கு, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. மகள் பாப்பா வர முடியாது. அவள் கணவன் அந்த நாட்டுக் குடிமகன். அவளுக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம்.

அப்பா மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, அத்தைக்கு எழுத வேண்டியதை என்னிடம் சொன்னார். “தாய் இல்லாம தலைப்பிரசவம் ஆகக்கூடாது. பேரப்புள்ளையப் பாத்துட்டு மெதுவா வரச் சொல்லு தாயி.”

நூலகத்தில் தினமும் பத்திரிகை பார்க்கிறேன். இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ராமேசுவரம் கப்பல் எத்தனை நாள் ஓடும்? அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. “அக்கா, உடனே புறப்பட்டு வா. கப்பல் நின்றாலும் நின்றுவிடும்” என்று எழுதிவிட்டேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். பி.ஏ. படித்த மகள் எழுதியது என்று அப்படியே போட்டார்.

13-8-84

தபாலில் சேர்த்தாயிற்று.

5-9-84

பதில் இல்லை. பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

22-9-84

மண்டபம் முகாமிலிருந்து தந்தி. அத்தை வந்து இறங்கிவிட்டாள்.

“புள்ளத்தாச்சிய விட்டுட்டு வர அக்காளுக்கு எப்படி மனசு வந்துச்சு?” என்றார் அப்பா.

“வரட்டும், கேப்போம்” என்றாள் அம்மா.

கேட்பார்களே!

25-9-84

கேட்டார்கள்.

“நீதானடா எழுதுன, ஒடனே வான்னு!” என்றாள் அத்தை.

அப்பா என்னைப் பார்த்தார். அடித்திருக்கலாம். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

28-10-84

கப்பல் நின்றுவிட்டதாம். அப்பா தயங்கித் தயங்கி, “இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா அங்கனயே மாட்டியிருப்பக்கா” என்றார். எனக்காகச் சொன்னாரோ?

“மாட்டுனா என்னடா? எம்மவகூட இருந்திருப்பேன்.”

30-11-84

தோட்டத்திலிருந்து கடிதம். கூடத்தில் வைத்துப் படித்தேன். ஆண் குழந்தை. மாமியார்தான் பிரசவம் பார்த்தாளாம். தாயும் பிள்ளையும் நலம்.

அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ளதத்தான் படிச்சியா?”

“ஆமா அத்தை. சத்தியமா.”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே பெரியநாயகி அக்கா உரக்கப் படித்தது ஜன்னல் வழியே கேட்டது. “ஆம்பளப் புள்ளயாம்ங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்களாம்.”

“இன்னொரு தடவ படிங்கம்மா” என்றாள் அத்தை.