கதவில் ஒட்டிய சம்மன்

மார்ச் 6. காலை 9.10

கலம் சீராக இருக்கிறது. காற்றழுத்தம் சரி. பிராணவாயு எட்டு நாளுக்கு உண்டு. நிலையம் நாற்பது கிலோமீட்டர் முன்னால்.

எழுதுபவன் கு. தெய்வநாயகம், எம்.எல்., வயது ஐம்பத்து மூன்று. மாவட்ட நீதிமன்ற அமீனா. சம்மனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இந்தச் சம்மனின் முகவரி பூமிக்கு மேலே ஐந்நூறு கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தரையில் இருந்தால் ஏதாவது ஒரு நாட்டுச் சட்டம் பிடித்துவிடும் என்று நிகரி நிறுவனம் தன் கணினிகளையெல்லாம் இங்கே ஏற்றிவிட்டது. உள்ளே மனிதர் யாரும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பிய சம்மன்கள் வந்து சேரவே இல்லை என்று சாதித்தார்கள். நேரில் கொடு, வாங்க மறுத்தால் கதவில் ஒட்டு என்றது உயர் நீதிமன்றம். ஒட்டும்போது இரண்டு சாட்சிகள் காணொளியில் பார்த்தால் போதுமாம்.

வாதி மரகதவல்லி, நாகப்பட்டினத்துக்காரர். கணவர் செல்லத்துரை டயாலிசிஸ் வரிசையில் இருந்தார். வரிசையை நடத்துவது நிகரி. ஒருநாள் அவர் பெயர் அதிலிருந்து எடுக்கப்பட்டது. பதினோராம் நாள் இறந்தார். ஏன் எடுக்கப்பட்டது என்ற பதிவு ஏழு ஆண்டு இருக்கும். ஏழாம் ஆண்டு இம்மாதம் 9ஆம் தேதி பகல் 12 மணிக்கு முடிகிறது. அதற்கு முன் சம்மன் சேர்ந்தால் பதிவை அழிக்கக் கூடாது. சேராவிட்டால் அழிக்கலாம், அதில் குற்றமில்லை.

மார்ச் 7. மாலை 4.25

நிலையத்துக்கு இருநூறு மீட்டர். அனுமதி கேட்டேன். பதில்: "வணக்கம். நுழைவாயில் பராமரிப்பில் உள்ளது. தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்."

இந்தத் தமிழ் எனக்குப் பழக்கமானது. சட்டத்துறையில் வரைவாளனாக இருந்தபோது நானே எழுதிய தமிழ். நிகரி போன்றவற்றுக்கான சட்டத்தில் 'காரணத்தைக் கேட்டவருக்குச் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தேன். சட்ட வரைவுக் குழுச் செயலாளர் ஜெயசீலன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அதை 'காரணத்தை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்' என்று மாற்றினான். அடுத்த வருடம் நிகரியின் வழக்கறிஞரானான். நான் புகார் எழுதினேன். முதலில் இடமாற்றம், பிறகு பதவி இறக்கம். பதினோரு வருடமாக அமீனா. இந்தப் பயணத்துக்கு யாரும் முன்வரவில்லை. நான் கேட்டு வாங்கினேன்.

மரகதவல்லியின் செய்தி வந்தது. அப்படியே குறிக்கிறேன்:

"சாருக்கு வணக்கங்க. சாப்டீங்களா? அங்க என்னத்தத் தர்றாங்களோ. எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அவரு பேர ஏன் எடுத்தாங்கன்னு தெரிஞ்சாப் போதும். டயாலிசிஸ் ஃபாரத்த நான்தான் எழுதுனேன். எதையாச்சும் தப்பா எழுதித் தொலச்சிட்டனான்னு ஏழு வருசமா நெனச்சிக்கிட்டே கெடக்கேன்."

மார்ச் 8. காலை 10.40

அனுமதி வரவில்லை. அனுமதியில்லாமல் நெருங்கினேன். நிலையத்தின் வெளிக்கரம் மடங்கும்போது கலத்தின் இடப்பக்கம் இடித்தது. விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. காற்று கசிகிறது. வேண்டுமென்றே இடித்ததா, பராமரிப்பா, தெரியவில்லை.

கணக்குப் போட்டேன். இப்படியே கசிந்தால் நாளை மாலை வரை. தரையிறங்கும் பாதை 11ஆம் தேதிதான் திறக்கும். வெடிப்பை அடைக்க ஒட்டுப்பசை ஒரு குழாய் இருக்கிறது. திறந்தால் நான்கு நிமிடத்தில் இறுகிவிடும். ஒரு முறைக்குத்தான்.

மார்ச் 8. பகல் 2.15

சம்மன் ஒட்டுவதற்கு அலுவலகம் கொடுத்த டப்பாவை இப்போதுதான் திறந்தேன். மைதாப் பசை. ஊரில் எல்லாக் கதவுக்கும் இதுதான். வெற்றிடத்தில் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். வெளியறையில் ஒரு கரண்டி வைத்துக் காற்றை வெளியேற்றினேன். நுரைத்துப் பொங்கி, பொடியாக உதிர்ந்தது.

எங்கள் நீதிமன்றத் தலைமை எழுத்தர், சிரஸ்தார் மங்கையர்க்கரசி அம்மாவிடம் சொன்னேன். அவர்தான் சாட்சிகளில் ஒருவர்.

"எம்.எல். படிச்சவரு, டப்பாவத் தொறந்து பாத்துட்டு ஏறக் கூடாதா? நூலால கட்டிடலாம்னு மட்டும் நெனக்காதீங்க. போன வருசம் கேட்டுல கட்டிட்டு வந்த சம்மன ஜெயசீலன் சார் செல்லாதுன்னு உத்தரவு வாங்கிட்டாரு. ஒட்டணும்னா ஒட்டணும். வேற பசையே இல்லையா அங்க?"

இல்லை என்றேன். வெடிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 9. காலை 8.30

காதில் இரைச்சல். விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. ஜெயசீலனிடமிருந்து செய்தி. கலத்தின் நிலை நிகரிக்குத் தெரிகிறது. அதனால் அவனுக்கும் தெரிகிறது.

"நாயகம், முட்டாள்தனம் பண்ணாதடா. பசைய வச்சு ஓட்டைய அடை. பன்னெண்டு மணி தாண்டட்டும், அந்தப் பதிவு போகட்டும். உள்ள அப்படி என்ன இருந்துடப் போகுது? உனக்கு என் மேல கோபம்னா எறங்கி வந்து என்னைத் திட்டு. நான் ஏர்போர்ட்டுக்கே வர்றேன்."

அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

யாருக்காக இதைச் செய்கிறேன் என்று நேர்மையாக எழுதப் பார்க்கிறேன். நேற்று வரை அவனைத் தோற்கடிக்க. இன்று அந்த அம்மாவின் ஃபாரம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 9. பகல் 11.52

ஒட்டிவிட்டேன். கதவின் நடுவில், எண்ணுக்குக் கீழே. நான்கு மூலையிலும் வெடிப்புக்கு வைத்திருந்த பசை. கையுறையால் நீவிவிட்டேன். சாட்சிகள் இருவரும் பார்த்தார்கள். மங்கையர்க்கரசி அம்மா, "கோணலா இருக்கு, இருந்தாலும் பரவாயில்ல," என்றார்.

நிலையம்: "சம்மன் 11.46க்குச் சேர்ந்ததாக ஏற்கப்படுகிறது. வழக்கு முடியும்வரை செல்லத்துரை குறித்த பதிவு அழிக்கப்படாது."

உடனே மீட்பு விண்ணப்பம் அனுப்பினேன். விண்வெளி மீட்புக் கலங்களின் வரிசையையும் நிகரிதான் நடத்துகிறது. "மூன்றாவது இடத்தில் உள்ளீர்கள். ஐந்து மணி நேரம்." போதும். அதுவரை காற்று தாங்கும்.

மரகதவல்லிக்கு ஒரு வரி அனுப்பினேன். பதில்: "சாமி மாதிரி வந்தீங்க சார். எறங்குனதும் நம்ம வீட்டுக்கு வாங்க. மீன் கொழம்பு வைக்கிறேன்."

மார்ச் 9. பகல் 3.20

வரிசையைப் பார்த்தேன். முதலிடத்தில் ஒருவர், இரண்டாவதில் ஒருவர், மூன்றாவதில் வேறொரு பெயர். கீழே கடைசி வரை தேடினேன். என் பெயர் இல்லை.

காரணம் கேட்டேன்.

"காரணம் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்படும். அறிய விரும்புவோர் இந்த முகவரியில் நேரில் சம்மன் சேர்க்கலாம்."

ஜெயசீலனை அழைத்தேன். எடுத்தான். "இருடா, நான் பேசிப் பாக்கறேன், இருடா," என்றான். அழுதான் என்று நினைக்கிறேன். அவனாலும் நிகரியிடம் காரணம் கேட்க முடியாது. 'கேட்டவருக்குச் சொல்ல வேண்டும்' என்ற வரியை எடுத்தவனே அவன்தான்.

மார்ச் 9. மாலை 4.35

குளிர். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. பழிவாங்குகிறதா, வெறும் கணக்கா? வரிசையில் இருப்பவர்கள் என்னைவிட இளையவர்களா? விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். உயரம் என்ற இடத்தில் சென்டிமீட்டரில் போட்டேன், அடிக்கணக்கில் கேட்டிருந்தார்களோ. ரத்தப் பிரிவு சரி. எடை வீட்டில் பார்த்தது. கலத்தின் எண்ணில் பூஜ்ஜியம் விட்டுப்போயிற்றா? இல்லை. இருக்கிறது. மறுபடி பார்த்தேன். இருக்கிறது.

இப்படித்தான் ஏழு வருடம் அந்த அம்மா.

மாலை 5

இதைக் கண்டெடுப்பவருக்கு. முதலில் கதவைப் பாருங்கள், சம்மன் இருக்கும், கோணலாக. பதிவைத் திறக்கச் சொல்லி வாங்குங்கள். மரகதவல்லியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் ஃபாரத்தில் தப்பில்லை என்று முதலில் சொல்லுங்கள். என்னால் வர முடியாது என்றும்.

பிறகு எனக்காக இன்னொரு சம்மன். இன்றிலிருந்து ஏழு வருடம் இருக்கிறது. பசை நீங்களே கொண்டு வாருங்கள். மைதா வேண்டாம்.

விண்ணப்பத்தை இன்னொரு முறை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதி