சிஞ்ஞோரா ஆடாத ஞாயிறு

மே 17, ஞாயிறு இரவு.

மேல்வீட்டு இத்தாலிய மூதாட்டியைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இளவயதில் இங்கிலாந்து போய்ப் புல்தரையில் டென்னிஸ் ஆடியவர். யாரும் காசுக்கு ஆடாத காலம் அது. அங்கே நடந்த பெரிய போட்டியில் தன் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்ததாம். மாதா கோயில் பூசைதான் முக்கியம் என்று விட்டுக்கொடுத்தாராம். அதைச் சொல்லித்தான் போன மாதம் மகள் மெலனியை ஞாயிறு கரப்பந்து ஆட்டத்துக்குப் போகாமல் மறித்தேன். குழுவில் அவளுடைய இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அந்தக் காலத்தில அங்கை ஞாயிறிலை ஆட்டமே வைக்கிறேல்லையாம், அம்மா. பல்லரோச் சந்தையில தக்காளி விலையை மூண்டு கடையில கேப்பியள். இதை ஒருக்கா விசாரிக்கேல்லையோ?"

உடனே மேலே போய்க் கேட்டேன். சிஞ்ஞோரா சிரித்தார்.

"முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டேன், கண்ணே. ஆனால் பூசைக் கதை உனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!"

பிடித்துத்தான் இருந்தது. கோயிலில் எத்தனை பேருக்குச் சொன்னேன்.

மெலனி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஆண்டவரைச் சொல்லி மறித்திருந்தால் இன்று அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடிந்திருக்கும். நான் சிஞ்ஞோராவை அல்லவா சொன்னேன்.