உயிரோடிருக்கும் அகழெலியைக் கொன்றேன் என்று சொல்லப்பட்டது குறித்து

அனுப்புநர்:
திருமதி பவளம் நவரத்தினம்,
தோட்டம் இலக்கம் 31,
எர்லன்குறுண்ட் சிறுதோட்டச் சங்கம்,
பீலெஃபெல்ட்.

பெறுநர்:
இயற்கைப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாகம்,
பீலெஃபெல்ட்.

பொருள்: மே மாத விசாரணையில் என் பெயரால் சொல்லப்பட்ட பொய் வாக்குமூலத்தை நீக்குமாறும், என் தோட்டக் குத்தகையை ரத்துச் செய்யும் நடவடிக்கையை நிறுத்துமாறும், நேரில் வந்து பார்க்குமாறும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மே மாதம் எங்கள் சங்க மண்டபத்தில் தங்கள் முன்னால் அமர்ந்திருந்த, நீலக் கம்பளிச் சட்டை போட்ட பெண் நான்தான். வைத்தியசாலைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எனக்கு ஜெர்மன் மொழி வராது. இம்மனுவை ஹனோவரில் உள்ள, நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் திருமதி வத்சலா தங்களுக்காக மொழிபெயர்ப்பார். அவரை எனக்கு முன்பின் தெரியாது. அதனால்தான் அவரைத் தெரிவு செய்தேன். திருமதி வத்சலா அவர்களே, என் கோபத்தையும் ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்.

1. இந்தத் தோட்டம் என் கணவர் உயிரோடிருந்த காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்தது. கத்தரி, பச்சைமிளகாய், முளைக்கீரை, கண்ணாடிக் கூட்டுக்குள் பாகல் என்று ஒவ்வொரு வருடமும் போடுகிறேன். அவர் போனபின் எனக்கு இந்த நாட்டில் போய் இருப்பதற்கென்று உள்ள ஒரே இடம் அதுதான். வீடு என்பது நித்திரை கொள்ளும் இடம் மட்டும்.

2. இவ்வருடம் பனி உருகியதும் கத்தரிப் பாத்தியில் மண் குவியல் குவியலாகக் கிளம்பியது. எங்கள் ஊர் அகழான்தான் ஜெர்மனிக்கும் வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். அகழான் கிழங்கையும் வேரையும் கடித்துத் தின்னும். இது அதுவல்ல, அகழெலி என்றும், புழுக்களைத்தான் தின்னும் என்றும், அதைக் கொல்லவோ பிடிக்கவோ சட்டம் இடம் கொடாது என்றும் பக்கத்துத் தோட்டத்துத் திருமதி வில்கனிங் சைகையாலும் படத்தாலும் விளங்கப்படுத்தினார். தின்னாவிட்டாலும், அது கீழே மண்ணைத் தூக்கியதில் என் நாற்றுகளின் வேர்கள் அந்தரத்தில் தொங்கி வாடிவிட்டன. எனவே அதற்கு நோகாமல் அதை வெளியே அனுப்பிவைக்க முடிவு செய்தேன்.

3. நான் செய்தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அதன் பாதையைத் திறந்து கருவாட்டுத் தலைகளை வைத்தேன். உள்ளியும் மிளகாயும் இடித்துக் கரைத்த நன்றாகப் புளித்த மோரை ஊற்றினேன். மீன் கழுவிய தண்ணீரையும் விட்டேன். திருமதி வில்கனிங் தன்னுடைய வெறும் போத்தல்களைக் கொண்டுவந்து, கழுத்து வெளியே தெரியப் புதைத்துத் தந்தார். காற்றடிக்கும்போது அவை ஊளையிடும், அந்தச் சத்தம் அகழெலிக்குப் பிடிக்காது. நத்தைக்கும் பூச்சிக்கும் வழக்கம்போலச் சாம்பல்தான், அதுவும் இலையில் ஈரம் காயுமுன் தூவினால்தான் ஒட்டும். கடையில் விற்கும் நஞ்சு எதையும் நான் என் தோட்டப் படலைக்குள் கொண்டுவந்ததில்லை. அந்தக் கீரையை நானல்லவா தின்கிறேன்?

4. கருவாட்டு நாற்றத்தை எந்தச் சீவன்தான் தாங்கும்? கொஞ்ச நாளில் என் பக்கம் குவியல்கள் நின்றன. கடைசிக் குவியல் வேலியோரம் கிளம்பியது. மறுநாள் வேலிக்கு அந்தப்பக்கம், தோட்டம் இலக்கம் 32இன் புல்தரையில் புதிய குவியல் கண்டேன். அந்தத் தோட்டம் திரு. ஸ்ரீதரன் அவர்களுடையது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த காலந்தொட்டு எங்களுக்காக எல்லா இடத்திலும் ஜெர்மன் பேசியவர் அவர்தான். இத்தனை காலம் தம்பி என்று கூப்பிட்டவரைத் திரு என்று எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதுகிறேன். அன்று அவரே சிரித்துக்கொண்டு, "அக்கா, உங்கட ஆள் எங்கட வீட்டுக்கு விருந்துக்கு வந்திட்டார்" என்று சொன்னார். நானும் சிரித்தேன்.

5. பிறகு, நான் அகழெலிக்கு நஞ்சு வைத்ததாக யாரோ தங்களுக்கு அறிவித்துத் தாங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். மொழிபெயர்க்கத் திரு. ஸ்ரீதரன் தானாகவே முன்வந்தார். "நீங்கள் தமிழில கதையுங்கோ அக்கா, நான் வடிவாச் சொல்லுறன்" என்றார். நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் கைகளால் காட்டிக் காட்டி நெடுநேரம் சொன்னேன். அகழெலி வேலிக்குக் கீழால் போனதையும், இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் அதைச் சில வசனங்களில் முடித்துவிட்டார். கருவாட்டைப் பற்றிச் சொல்லும்போது நான் மூக்கைப் பொத்திக் காட்டியது தங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். திருமதி வில்கனிங் தன் கதிரையை என்னைவிட்டுத் தள்ளிப் போட்டார். "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, எல்லாம் சரி, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று திரு. ஸ்ரீதரன் தாளை நீட்டினார். வைத்தேன்.

6. அடுத்த சனிக்கிழமை திருமதி வில்கனிங் என் தோட்டத்துக்குள் வணக்கம் சொல்லாமல் வந்து, தான் தந்த போத்தல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விரலால் கழுத்தை அறுப்பதுபோலக் காட்டி, நிலத்தைக் காட்டி, என்னைக் காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் இல்லை என்று தலையை ஆட்டி, அவரை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனேன். திரு. ஸ்ரீதரனின் புல்தரை நடுவில், விசாரணைக்கு முன் இல்லாத ஜெரேனியம் பூத்தொட்டிகள் கண்டபடி நின்றன. பூத்தொட்டியை யாராவது புல்லுக்கு நடுவில் அங்குமிங்குமாக வைப்பார்களா? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னத் தொட்டி அசைந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஈர மண் மேலே வந்தது. தொட்டி மெல்லச் சரிந்து விழுந்தது. திருமதி வில்கனிங் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு, பிடுங்கிய போத்தல்களைத் திரும்பவும் புதைத்துவிட்டுப் போனார்.

7. என்னோடு வேலை செய்யும், இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த யோசப்பின் என்ற பெண்ணை மறுநாள் அழைத்துப்போய்த் திருமதி வில்கனிங்கிடம் கேட்டபோதுதான், என் பெயரால் என்ன சொல்லப்பட்டது என்பதையும், அதனால் என் குத்தகையை ரத்துச் செய்யப்போகிறார்கள் என்பதையும் அறிந்தேன். "ஓம், மருந்து வைத்தேன், அது செத்துப்போய்விட்டது, இனித் தொல்லை இல்லை." இதுதானாம் நான் சொன்னது. தொல்லை இல்லை என்று நான் சொன்னதாகச் சொன்ன அதே ஆளின் புல்தரைக்குக் கீழே அகழெலி அப்போது கிண்டிக்கொண்டிருந்தது. தன் பக்கத்தில் அது இருப்பது தெரிந்தால் தன் பொய் வெளியே வந்துவிடும் என்றுதான் தொட்டி வைத்து மூடியிருக்கிறார்.

8. காரணத்தையும் சொல்கிறேன். சங்கத்தில் தோட்டத்துக்குக் காத்திருப்போரில் இப்போது முதலாவதாக நிற்பவர் திரு. ஸ்ரீதரனின் மகளைக் கட்டியவர். என் தோட்டம் பறிபோனால் அது அவருக்குத்தான் போகும். நடுவேலியை எடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து நல்ல இடமாக இருக்கும் என்று சென்ற வருடமே திரு. ஸ்ரீதரன் என் பாகற்காய்க் கறியைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னார். பகிடி என்று நினைத்தேன். கேட்டிருந்தால் பாதித் தோட்டத்தை நானே கொடுத்திருப்பேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிறகு யாருக்குத்தான் கொடுக்கப்போகிறேன்? கேட்கவில்லை. என் வாயைக் கொண்டே என்னைக் குற்றவாளி ஆக்கினார்.

9. ஆகவே நான் தங்களிடம் கேட்பது: முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு நாள் வாருங்கள். இந்தக் கிழமைகளில் தோட்டம் முழுக்க உலகக் கிண்ணக் கால்பந்துக் கொடிகளும் சத்தமுமாக இருக்கிறது, தாங்கள் வருவதை ஒருவரும் கவனியார். தோட்டம் 32இல் பூத்தொட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். மொழிபெயர்க்க பீலெஃபெல்டில் உள்ள தமிழர் எவரையும் கூட்டிவர வேண்டாம். அந்தத் தாளில் உள்ள கையெழுத்து என்னுடையது, வார்த்தைகள் என்னுடையவை அல்ல என்று பதிவு செய்து, தோட்டத்தை என்னிடமே விடுங்கள். அகழெலிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அது என் பக்கம் திரும்பி வந்தாலும் இனிக் கருவாடு வைக்க மாட்டேன். கத்தரி போனால் போகட்டும், இப்போது அது என் சாட்சி.

10. இனி எழுதுவது தங்கள் அலுவலகத்துக்குரிய விடயம் அல்ல. எனினும் இதை எழுதாமல் இம்மனுவை மூட என்னால் முடியவில்லை. நாங்கள் அகதியாக வந்தபோது நடந்த விசாரணை, காப்புறுதி, என் வேலை, என் கணவரின் நோய் எல்லாவற்றிலும் என் வார்த்தைகள் திரு. ஸ்ரீதரன் வாயால்தான் போயின, பதில்கள் அவர் வாயால்தான் வந்தன. என் கணவர் கண்ணை மூடியபடி கிடந்த கடைசி நாளில் டொக்டர் வந்து ஏதோ நீளமாகச் சொன்னார். திரு. ஸ்ரீதரன் என் பக்கம் திரும்பி, "அக்கா, அண்ணைக்கு நோவு தெரியாதாம், நீங்கள் கதைக்கிறது கேக்குமாம்" என்றார். நான் இரவு முழுக்க என் கணவரின் காதில் கதைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் வாழ்ந்தேன். இப்போது அதைச் சொன்னது டொக்டரா, அவரா என்று எனக்குத் தெரியவில்லை. என் தோட்டத்தை எடுக்க நினைத்ததை ஒருவேளை மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன். அந்த டொக்டரைக் கண்டுபிடித்து, அவர் சொன்னது என்ன என்று கேட்டு, நம்பிக்கையான ஒருவர் மூலம் எனக்குத் தமிழில் சொல்வதற்குத் தங்கள் நகர நிர்வாகத்தில் யாராவது உண்டானால், அந்தக் கதவைக் காட்டிவிடுங்கள்.

மாநகரக் கல்லூரியின் மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். வகுப்புத் தொடங்க நாள் இருக்கிறது. ஆனாலும் ஒரு வசனத்தை யோசப்பினிடம் கேட்டுப் பாடமாக்கினேன். என் கையெழுத்துக்குக் கீழே உள்ளது அதுதான். அகழெலி உயிரோடிருக்கிறது என்பது அதன் பொருள். தாங்கள் வரும்போது இதை நானே என் வாயால் தங்களுக்குச் சொல்வேன். அதைக் கேட்க வருவீர்கள் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன்.

இங்ஙனம்,
பவளம் நவரத்தினம்

இடம்: பீலெஃபெல்ட்
திகதி: 19.06.2006

டேர் மவுல்வூர்ஃப் லேப்ட்.