ஒரு பின்னேரம் கழட்டிவைத்த மெசின்

மச்சாள்,

மெசின் வயர்களை நெஞ்சில் ஒட்டின பசை இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரியால் வந்து மூன்று நாளாகத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன், கறுப்பாக வட்டம் வட்டமாய் நிற்கிறது. இதே குளியலறையில் இதே வட்டங்களோடு நீங்கள் நின்றீர்கள். அதுதான் எழுதுகிறேன்.

எனக்கும் உங்களுடைய வருத்தம்தான். இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. தொடையடி இரத்தநாளத்துக்குள்ளால் மெல்லிய குழாய் விட்டு, குழப்படி செய்கிற இடத்தை மின்துடிப்பால் அடக்கிவிட்டார்கள். முந்தி சூட்டால்தான் சுடுவார்களாம், பக்கத்திலிருக்கிற உணவுக்குழாய்க்கும் சூடு பட்டுவிடும் என்று பயமாம். இந்தத் துடிப்பு அநேகமாக இதயத் தசையோடு நின்றுவிடும் என்றார் டொக்டர். அடுத்த நாளே வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, உங்கள் கதிரையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

உங்கள் தம்பியைக் கட்டி நான் இந்த மாடி பிளட்டுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் எங்களோடுதான். நெஞ்சு படபடக்குது என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், "கோப்பியைக் குறையுங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஒருநாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிகிற சின்ன மெசினை மாட்டி அனுப்பினார்கள். பார்த்தால் அன்றைக்குத்தான் என் மகளைப் பொம்பிளை பார்க்க வருகிறார்கள்.

சட்டைக் கழுத்தால் வயர் தெரிந்தது. பெட்டையின் மாமிக்கு, தகப்பனின் சொந்த அக்காவுக்கு, இதய வருத்தம் என்றால் பரம்பரை என்று கதைப்பார்களே.

"கழட்டி வையுங்கோ மச்சாள்."

"நாளைக்குக் காலமை வரைக்கும் போட்டிருக்கச் சொன்னவை."

"ஒரு பின்னேரம்தானே."

கழட்டித் தந்தீர்கள். நானே அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அவர்கள் ஹோலில் இருக்க, வெறும் தட்டோடு குசினிக்கு வந்த நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "இப்பதான் அடிக்குது," என்றீர்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. "அவை போகட்டும்," என்றுவிட்டுத் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் போய், மெசினைத் திரும்ப மாட்டும்போது எல்லாம் அடங்கிவிட்டது.

இடையில் கொஞ்ச நேரம் பதியவில்லை, மற்றப்படி ஒன்றுமில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். "வேர்வைக்கு ஒட்டு விட்டிருக்கும்," என்று நீங்கள் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்ப ஒருக்கா மெசின் போடச் சொல்லியும் நீங்கள் போகவில்லை, நானும் அனுப்பவில்லை. மகளின் கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். இதயத்தில் கட்டிய இரத்தம் மூளைக்குப் போயிருக்கிறதாம். செத்தவீட்டில் எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள், நானும் வாய்மூடி இருந்து தேறினேன்.

உங்கள் இரத்தத்தில் ஓடுகிறது என்று எதை ஒளித்தேனோ, அது இரத்த உறவே இல்லாத எனக்கு வந்திருக்கிறது.

நேற்றுச் சம்பந்தியம்மா பார்க்க வந்தா. "உங்கட பக்கத்தில ஆருக்கும் இருந்ததோ?" என்று கேட்டா.

"என்ர பக்கத்தில இல்லை. மச்சாளுக்கு இருந்தது. நீங்கள் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு அவவின்ர மெசினைக் கழட்டி ஒளிச்சனான்."

அவ கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு, "அண்டைக்கு எங்கட அவருக்கு நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர். நாங்களும் சொல்லேல்லை," என்றா.

எனக்கு அழுகைகூட வரவில்லை, மச்சாள். யாருக்குப் பயந்தேன் என்று இப்போது சொல்லக்கூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். போன கிழமை போனில், படியேறினால் நெஞ்சு படபடக்குது அம்மா என்றாள். பழக்கதோசத்தில் கோப்பி என்று சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டேன். உங்கள் கதையை முழுக்கச் சொல்லி, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். கேட்டபின் அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவாளோ தெரியாது. மெசின் மாட்டினால், காலமைவரைக்கும் பக்கத்தில் இருப்பேன்.