கார்ட்டூன் போட்டுவிட்டுக் கிளம்பியவனுக்கு

மரக்காணம்
சித்திரை 12

சிலம்பரசனுக்கு அம்மா சொல்ல, உன் தங்கை அம்சவள்ளி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உன் மகள் பூவிழியும் சுகமாக இருக்கிறோம். திருப்பூரில் நீயும் பிரியங்காவும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உப்பளத்தில் வேலை நன்றாக ஓடுகிறது, கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டு எரிகிறது, அது கிடக்கட்டும். பொங்கலுக்கு வந்தபோது பூவிழி டிவி போட்டால்தான் சோறு சாப்பிடுவேன் என்றதற்கு, முருகையன் மாமா குடும்பமே உட்கார்ந்திருக்க, "எட்டாவதோட நின்னவகிட்ட புள்ளய வுட்டா இப்படித்தான் வளரும், ஜூன்ல ஹாஸ்டல்ல போட்டுடறேன்" என்றாயே, அதை நான் இன்னும் விழுங்கவில்லை. இதை எழுதுகிற இவள் எழுந்துபோய் எல்லார் தட்டுகளையும் கழுவி வைத்தாள். இவள் படிப்பை விட்டதே உன் பிள்ளையைப் பார்க்கத்தான். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுதுடீ என்றேன். பூவிழிக்கு டிவியைப் பழக்கியது யார்? இரண்டு வயதில் அவளைக் கார்ட்டூன் முன்னால் உட்காரவைத்துவிட்டு, நீயும் பிரியங்காவும் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நழுவினீர்கள். அழுதால் பஸ் ஏற மனசு வராது என்றாய். லீவுக்கு வந்து போன ஒவ்வொரு தடவையும் அதேதான். உன்னைப் பார்த்து நானும் உப்பளத்துக்குப் போகும்போது அப்படியே நழுவினேன், என் தப்பும் உண்டு. அதை நிறுத்தியது இவள்தான். இப்போதெல்லாம் காலையில் டிவியை அணைத்து, பிள்ளையை ரோடு வரை கூட்டிவந்து எனக்கு டாட்டா காட்ட வைக்கிறாள். முதல் வாரம் அழுதது, அடுத்த வாரம் "ஆயா, சாயங்காலம் வந்துடு, ஏமாத்தாத" என்றது, இப்போது சோற்றுக்கு டிவி கேட்பதில்லை.

மே மாசம் வா. மாமா வீட்டாரையும் கூப்பிடுகிறேன். அவர்கள் முன்னால் சொன்னது தப்பு என்று அவர்கள் முன்னாலேயே இவளிடம் சொல், அப்புறம்தான் உனக்குச் சோறு. ஹாஸ்டல் பேச்சு இனி இந்த வீட்டில் கூடாது. நீ கிளம்புகிற அன்று டிவி ஓடாது, ஒயரை நானே பிடுங்குவேன். பூவிழியை நானே பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கி வருவேன். அவள் கத்துவதை முழுசாகக் கேட்டுவிட்டு ஏறு. மூன்று வருஷமாக இவள் தனியாகக் கேட்டது அது.

இருவரும் குறைவில்லாமல் வாழுங்கள். பிள்ளைக்குச் செருப்பு ஒரு நம்பர் கூடியிருக்கிறது, மறக்காமல் வாங்கி வா.

உன்னைப் பெற்றவள்,
பாஞ்சாலை

அண்ணா, அம்மா சொன்னதில் நான் எதையும் குறைக்கவில்லை.
அம்சவள்ளி