அம்மாவின் பெயர் எதற்கு?

இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சில் ஸ்பிரிட் நெடி இன்னும் இருக்கிறது. நாளை இதயத்தில் இரண்டாவது அறுவை. ஒழுங்காக எழுதினாலாவது மனம் அடங்குமோ என்று, உங்களிடம் சொல்ல வேண்டியவற்றை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. நீங்கள் சனிக்கிழமை கார் ஓட்டியது.
2. எனக்காகக் கடவுளிடம் வேண்ட மறுத்தது.
3. நாளை நான் போவதா, வேண்டாமா என்பது.

நீங்கள் பஹ்ரைனின் மனாமாவில் பிறந்து வளர்ந்த யூதர். உங்கள் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் உங்கள் திரைச்சீலைக் கடை திறக்காது. கார்ச் சாவியைத் தொடவும் மாட்டீர்கள். நான் ஈசா டவுனில் இரசாயனம் படிப்பித்த யாழ்ப்பாணத்தான். நம் பேச்சு ஆங்கிலமும் அரபுமாகக் கலந்தது. என் காதில் அது தமிழாகவே நிற்கிறது.

எனக்கு நெஞ்சு வலித்ததும் ஒரு சனிக்கிழமை. மனைவி ஆள் அனுப்ப, நீங்களே காரோடு வந்து நின்றீர்கள்.

"இன்றைக்கு உங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"உயிர் போகிற நேரத்தில் சனி என்ன, ஞாயிறு என்ன? யல்லா, ஏறுங்க மாஸ்டர்!"

அறுவை என்று டாக்டர் சொன்னதும் உங்கள் பக்கம் திரும்பினேன். "நீங்கள் பக்தியுள்ளவர். எனக்காக ஒருதரம் வேண்டுங்கள். பிறகு பார்ப்போம்" என்றேன்.

"மாஃபி! முடியாது! டாக்டருக்குப் பதிலாகப் பிரார்த்தனையா? குணப்படுத்தும் உரிமையை டாக்டருக்குக் கொடுத்தவனே அவன்தான். கையெழுத்தைப் போடுங்க, பயந்தாங்கொள்ளி!"

போட்டேன். தள்ளுவண்டியோடு கூடவே நடந்து வந்தீர்கள்.

"உங்க அம்மா பெயர் என்ன?"

"சிவபாக்கியம். ஏன்?"

"சும்மா."

பேச்சுக் கொடுத்து என் பயத்தை மாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். பிழைத்தேன். ஆனாலும் எனக்காக ஒரு வார்த்தை வேண்டியிருக்கலாமே என்ற குறை, நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகியும் தீரவில்லை.

இவ்வளவும் மத்தியானம் எழுதியது.

மாலையில் மனைவி ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த வெறும் பையைக் காட்டி, "என்னப்பா, ஒத்திப்போடுற எண்ணமோ?" என்றாள். அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் போனில் அழைத்தாள்.

"அங்கிள், நாளைக்குத்தானே ஆபரேஷன்? சிவ... பாக்கியம். சரியாச் சொல்றேனா?"

திகைத்துப்போனேன். என் பெயருக்கு முன்னால் நிற்பதும் ஆஸ்பத்திரியில் கேட்பதும் அப்பாவின் பெயர்தான். அம்மாவின் பெயர் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

"நோயாளிக்காக வேண்டும்போது எங்கள் வழக்கத்தில் தாயின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்லுவோம், அங்கிள். நீங்க எழுந்து நடக்கும்வரை அப்பா சனிதோறும் சொன்னார். இனி நான் சொல்றேன். நீங்க டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருங்க."

பையில் உடுத்தச் சாரமும் துடைக்கத் துவாயும் வைத்துவிட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவதற்கு விடை, போகிறேன்.

இரண்டாவதாக நான் எழுதியது பிழை. நீங்கள் மறுக்கவில்லை.